சலூன் வாசம்னா ஓல்ட் ஸ்பைஸா, க்ளப்மேனா?

கேள்வி:
பார்பர் ஷாப் வாசம்னு சொல்ற பழைய டைப் ஆஃப்டர்ஷேவ் ஒண்ணு வாங்கணும். ஓல்ட் ஸ்பைஸ்தான அது? க்ளப்மேன், அக்வா வெல்வா, ஸ்கின் பிரேசர்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, என் மூக்குக்கு எல்லாமே ஸ்பிரிட்டும் பவுடரும்தான். அப்பா ஷேவ் பண்ணி முடிச்சதும் வீட்டுக்குள்ள ஒரு வாசம் வருமே, அது வேணும். ஒரு பாட்டில்தான் வாங்குவேன், எது?

6 ஜனவரி 2024, இரவு
ஓல்ட் ஸ்பைஸ். யோசிக்கவே வேண்டாம். எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், இப்ப நியூ ஜெர்ஸில கிளிஃப்டன் பக்கம் இருக்கேன். ஓல்ட் ஸ்பைஸ கொண்டுவந்த ஷுல்டன் கம்பெனியோட பெரிய ஃபேக்டரி இந்த கிளிஃப்டன்லதான் இருந்துச்சு, இப்ப இல்ல. 1937ல முதல்ல பொம்பளைங்களுக்குன்னு வந்து, அடுத்த வருஷம் 1938ல ஆம்பளைங்களுக்கு வந்தது. கிராம்பு, பட்டை, ஜாதிக்காய், நட்சத்திர சோம்பு, பின்னாடி வெனிலா. பாட்டில் மேல பாய்மரக் கப்பல். எங்க வீட்ல கண்ணாடிக்குக் கீழ ஒரு சின்ன பலகை இருக்கும், அதுல அந்த பாட்டிலும் ஒரு ரேசரும் தவிர வேற எதையும் அப்பா வைக்க விட மாட்டாரு. சலூன் வாசம்னா எனக்கு அதுதான்.

7 ஜனவரி
நேத்து எழுதினத கொஞ்சம் நிறுத்தி வைங்க. எழுதி முடிச்சதும் அலமாரில இருக்குற அஞ்சு பாட்டிலையும் திறந்து வரிசையா மோந்து பார்த்தேன், ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசமே தெரியல, எல்லாம் மூக்க எரிக்குற ஆல்கஹால். நீங்க சொன்ன மாதிரியே ஸ்பிரிட்டும் பவுடரும். தப்பு பாட்டில்ல இல்ல, மோந்து பார்க்குற முறையில. ஆஃப்டர்ஷேவ்ல பெரும்பங்கு ஆல்கஹாலும் தண்ணியும்தான், வாசனை எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கும், அதனால மூடிகிட்ட மூக்க வச்சா முதல்ல வர்றது ஸ்பிரிட். முகத்துல போட்டு அது பறக்கணும். அப்புறம் மேலாப்புல இருக்குற எலுமிச்சை, புதினா மாதிரி லேசான சரக்கு பறக்கணும். அதுக்குப் பிறகு என்ன மிஞ்சுதோ அதுதான் அப்பா பக்கத்துல உக்காரும்போது நமக்கு வந்த வாசம்.

அதனால இந்த வாரம் பூரா இப்படி செய்யப் போறேன்: வாசனையில்லாத சோப்புல ஷேவ், இடது கன்னத்துல ஒண்ணு, வலது கன்னத்துல ஒண்ணு, 20 நிமிஷம் கழிச்சு விரலால தொட்டு மோந்து பார்க்கணும். பாத்ரூம்ல நிக்கக்கூடாது, சுடுதண்ணி ஆவில எல்லாம் கலந்துடும்.

9 ஜனவரி
இடது அக்வா வெல்வா ஐஸ் ப்ளூ, வலது ஸ்கின் பிரேசர்.

ரெண்டும் ஜில்லுனு இருக்கும், ரெண்டுலயும் மெந்தால். ஜில்லுங்குறதுல பாதி நிஜம், பாதி ஏமாத்து. ஆல்கஹால் ஆவியாகும்போது தோல் சூட்ட எடுத்துட்டுப் போறது நிஜமான குளிர்ச்சி. மெந்தால் பண்றது வேற, குளிர உணர்ற நரம்பத் தட்டி எழுப்பி விடுது, தோல் சூடு குறையவே குறையாது. இத ஏன் சொல்றேன்னா, மெந்தால் அடிக்கும்போது மூக்கும் சேந்து மரத்துப் போகுது, வாசனைய எடை போட முடியாது. பத்து நிமிஷம் பொறுக்கணும்.

பொறுத்தா: அக்வா வெல்வா 1917ல வந்த சரக்கு. புதினாவுக்குப் பின்னாடி லேசா தோல் செருப்புக் கடை மாதிரி ஒரு உலர்ந்த வாசம், ஒரு மணி நேரத்துல காணாம போயிடும். ஸ்கின் பிரேசர் மென்னன் கம்பெனிது, இதே நியூ ஜெர்ஸில நியூவர்க்ல தொடங்கின கம்பெனி, 1931ல வந்தது. புதினா அடங்கினதும் இனிப்பான பவுடர் வாசம் ஒண்ணு எழும்புது. எனக்கு வலது கன்னம்தான் பிடிச்சது. ஆனா ரெண்டுமே சலூன் இல்ல, காலைல ஆபீஸுக்குக் கிளம்புற ஆளோட பாத்ரூம் வாசம்.

12 ஜனவரி
க்ளப்மேன் பத்தி எழுதணும்னா கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

இங்க பக்கத்து ஊர்ல ஒரு பழைய பார்பர் ஷாப், மூணு நாற்காலி, வயசான இத்தாலியக்காரர். முதல் தடவை போனப்ப முடி வெட்டி முடிச்சு கழுத்துல இருக்குற துண்ட எடுத்துட்டு, ஒரு மெத்துன்னு பிரஷ்ல பவுடர் தொட்டு பின்கழுத்துல ரெண்டு தட்டு தட்டினாரு பாருங்க, நான் கண்ண மூடிட்டேன். நாகர்கோவில் வடசேரில, மரப்பலகைய நாற்காலி கைப்பிடி மேல போட்டு அதுல என்ன உக்கார வச்ச சலூன். எட்டாயிரம் மைல் தாண்டி அதே வாசம். என்னன்னு கேட்டேன், மீசை வச்ச தொப்பிக்காரர் படம் போட்ட டப்பாவ எடுத்துக் காட்டினாரு. க்ளப்மேன் பினோ.

பினோ பாரிஸ் வாசனைக் கடை, 1810லேந்து நடந்து வர்றதா அவங்க போட்டுக்குறாங்க. இப்ப சரக்கு வர்றது அமெரிக்காவுலேந்துதான். பவுடர் மாதிரியே க்ளப்மேன் பேர்ல ஆஃப்டர்ஷேவ் லோஷனும் உண்டு, அத முகத்துல போட்டா முதல் நிமிஷம் ஆரஞ்சுத் தோல பிழிஞ்ச மாதிரி, உடனே லாவெண்டர், அப்புறம் பூ மாதிரி ஏதோ ஒண்ணு, கடைசில பவுடர் பவுடர் பவுடர்.

பிரெஞ்சுல இந்த வாசனைக் குடும்பத்துக்கு ஃபூஜேர்னு பேரு, பெரணிச் செடின்னு அர்த்தம். பெரணிக்குச் சொல்லிக்குற மாதிரி வாசமே கிடையாது. 1882ல ஊபிகான் கம்பெனிக்காக பால் பார்கேன்னு ஒருத்தர் ஃபூஜேர் ராயல்னு ஒண்ணு செஞ்சாரு, பெரணிக்கு வாசம் இருந்தா எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணி. லாவெண்டர், ஓக்மாஸ், கூமரின், இந்த மூணும்தான் அதோட முதுகெலும்பு. கூமரின் டோங்கா கொட்டையில இருக்குற சரக்கு, 1868லயே பெர்கின்னு ஒரு வேதியியல் விஞ்ஞானி ஆய்வுக்கூடத்துல செஞ்சு காட்டிட்டாரு, அதனால கொட்டைய நம்பி இருக்க வேண்டியதில்ல. அது எப்படி மணக்கும்னு கேட்டா, அறுப்பு முடிஞ்சு வெயில்ல காய்ஞ்ச புது வைக்கோல் போருக்குள்ள முகத்த வைங்க, கூட ரெண்டு பாதாம் பருப்ப நசுக்கிக்கோங்க. ஓக்மாஸ்ங்குறது பேருக்குத்தான் பாசி, நிஜத்துல மரத்துல படர்ற லைக்கன். நம்ம கல்பாசியும் லைக்கன்தான். வீட்ல செட்டிநாட்டு மசாலாவுக்கு வாங்கின கல்பாசி இருந்தா டப்பாவத் திறந்து மோந்து பாருங்க, மழை பெஞ்ச மரப்பட்டை மாதிரி ஒரு ஆழம் இருக்கும். அதே ஜாதி வாசம்.

இந்த லாவெண்டர் கூமரின் கூட்டணியத்தான் அப்புறம் வந்த ஷேவிங் சோப்பு, க்ரீம், பவுடர்னு என்னென்னமோ எடுத்துக்கிச்சு. அதனாலதான் நியூ ஜெர்ஸி சலூனும் வடசேரி சலூனும் ஒரே வாசம் அடிக்குது. டப்பா வேற, வேர் ஒண்ணு.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழிச்சு
அப்ப 6ஆம் தேதி நான் எழுதினது தப்பு. ஓல்ட் ஸ்பைஸ் சலூன் வாசம் இல்ல. அது மசாலாவும் வெனிலாவும், வேற குடும்பம். வீட்டு வாசத்தையும் சலூன் வாசத்தையும் நான் ஒண்ணாப் போட்டு முடிச்சு வச்சிருக்கேன். கேட்டவரும் அதத்தான் பண்றாருன்னு நினைக்குறேன், அப்பா ஷேவ் பண்ணதும் வர்ற வாசம்னு கேட்டுட்டு அதுக்கு பார்பர் ஷாப்னு பேரு வச்சிருக்காரு. தம்பி, அப்பா வீட்ல ஷேவ் பண்ணுவாரா, சலூனுக்குப் போவாரா? அத முதல்ல சொல்லுங்க.

14 ஜனவரி
ஓல்ட் ஸ்பைஸ்லயே ரெண்டு இருக்குன்னு இங்க பலருக்குத் தெரியல. 1990ல ஷுல்டன்கிட்டேந்து ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கைக்கு பிராண்ட் போச்சு, அமெரிக்கச் சரக்கு மாறிடுச்சுன்னு இங்க உள்ள பழைய ஆளுங்க இன்னமும் குறைபட்டுக்குவாங்க. இந்தியாவுல விக்குறது பழைய ஷுல்டன் வாசத்துக்குக் கிட்டக்கன்னு சொல்லி அமெரிக்காக்காரங்க அத வரவழைச்சு வாங்குறாங்க. போன தடவை ஊருக்குப் போனப்ப கோட்டாறு பக்கம் ஒரு கடையில வாங்கிட்டு வந்த பாட்டில் என்கிட்ட இருக்கு. இன்னைக்கு இடது கன்னம் நாகர்கோவில், வலது கன்னம் நியூ ஜெர்ஸி.

முதல் அஞ்சு நிமிஷம் அண்ணன் தம்பி. பதினஞ்சாவது நிமிஷத்துலேந்து பிரியுது. இடது உலர்ந்து போகுது, கிராம்பும் ஜாதிக்காயும் முன்னாடி நிக்குது, கடைசில சாம்பிராணி மாதிரி ஒரு பிசின் வாசம். வலது இனிப்பா, வெனிலா கூட, கொஞ்சம் தட்டையா இருக்கு. என் மனைவி ரெண்டு பக்கமும் வந்து மோந்து பார்த்துட்டு இடது பக்கம் உங்க அப்பாவேதான்னு சொன்னா. நான் எதுவும் சொல்லித் தரல.

லைம், மஸ்க்னு வர்ற மத்த வகைகளப் பத்தி கேட்டிருந்தீங்க. மஸ்க் பரவாயில்ல. லைம் காலேஜ் பசங்களுக்கு.

19 ஜனவரி
பே ரம்ங்குற ஆஃப்டர்ஷேவ் பத்தி ஒருத்தர் கேட்டிருந்தாரு, அது ரம்மானு. பேருல இருக்குற ரம் நிஜம்தான். கரீபியன் தீவுகள்ல பைமென்டா ரசிமோசான்னு ஒரு மரம், அதோட இலைய ரம்ல போட்டு வடிச்சாங்க. செயின்ட் தாமஸ் தீவுல டேனிஷ்காரர் ரீஸ 1838ல தொடங்கின வியாபாரம்தான் அத உலகத்துக்குக் கொண்டு போச்சு. அப்ப அது டென்மார்க் தீவு, 1917லதான் அமெரிக்கா வாங்குச்சு, அதனாலதான் க்ளப்மேன் பாட்டில்ல வர்ஜின் ஐலண்ட் பே ரம்னு போட்டிருக்கு. பே இலைங்குறத பிரிஞ்சி இலைன்னு நினைச்சுக்காதீங்க, அது வேற மரம். இது நம்ம ஊர்ல சர்வசுகந்தின்னு சொல்றோமே, அதோட நெருங்கின சொந்தம்.

வாசம்? கிராம்பு. ரெண்டுலயும் யூஜினால்ங்குற ஒரே சரக்குதான் தலைவர். பல் டாக்டர்ங்க துத்தநாக ஆக்சைடோட கலந்து பல் ஓட்டைய அடைக்குறதும் இதே யூஜினால்தான், அதனால பே ரம் போட்டுட்டு வந்தா வீட்ல பல் கிளினிக்னு சொன்னாங்கன்னா அவங்க மூக்கு சரியாத்தான் வேலை செய்யுது. எனக்கு மாறாமலை ஞாபகம். கிராம்பு எஸ்டேட் உண்டு அங்க, மொட்டு பறிச்சு பாய்ல காயப்போட்டிருப்பாங்க, வெயில் ஏற ஏற காத்தே காரமாயிடும். ஒரு தடவை சித்தப்பாகூட போயிட்டு வந்தப்ப சட்டைல ரெண்டு நாள் அந்த வாசம் இருந்துச்சு. அமெரிக்காவுல ஒரு பார்பர் சாமான் கடையில நின்னுகிட்டு மாறாமலைய மோந்து பார்ப்பேன்னு நினைச்சதில்ல.

22 ஜனவரி
எச்சரிக்கை, முக்கியம். சின்ன அளவுல கையால செஞ்சு விக்குற ஒருத்தர்கிட்ட வாங்கின பே ரம், கத்தி பட்டு எரிஞ்ச கழுத்துல போட்டேன். மறுநாள் காலைல கழுத்து பூரா சிவந்து தடிச்சுப் போச்சு, நாலு நாள் சட்டை காலர் போட முடியல. தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி கிராம்பு எண்ணெய் இருக்கான்னு. யூஜினால் சிலர் தோலுக்கு ஒத்துக்காது. முழங்கை மடிப்புல ரெண்டு சொட்டு விட்டு ரெண்டு நாள் பாத்துட்டு அப்புறம் முகத்துக்குப் போங்க.

இன்னொண்ணு. பழைய பாட்டில் தேடி ஏலத்துல ஓடுறவங்க கவனிங்க. மஸ்க் அம்ப்ரெட்னு ஒரு செயற்கை கஸ்தூரி அந்தக் கால ஆஃப்டர்ஷேவ்ல நிறைய உண்டு, அத போட்டுட்டு வெயில்ல போனா முகம் அலர்ஜியாகுதுன்னு கண்டுபிடிச்சுத்தான் நிறுத்தினாங்க. ஓக்மாஸ்லயும் அட்ரனால், குளோரோ அட்ரனால்னு ரெண்டு சரக்கு அலர்ஜி தருது, 2021லேந்து ஐரோப்பாவுல அது சேர்ந்த பொருள விக்கவே கூடாது. ஓக்மாஸே போகல, அந்த ரெண்டையும் நீக்கினது வருது, ஆனா ஆழம் குறைஞ்சிடுச்சு. பழைய வாசம் இப்ப இல்லைன்னு நாம வருத்தப்படுறதுல நினைவோட வேலை கொஞ்சம் இருக்கலாம், ஆனா சரக்கு மாறினது நிஜம். எனக்கும் வருத்தம்தான். ஆனா கழுத்து தடிச்ச அந்த நாலு நாளுக்கு அப்புறம் சட்டம் போட்டவங்க மேல எனக்குக் கோபம் இல்ல.

23 ஜனவரி
லைலாக் வெஜிடல்ங்குற ஆஃப்டர்ஷேவ் வாங்கலாமான்னு கேட்டவருக்கு: முதல் மூணு நிமிஷம் பூனை ஒண்ணுக்குப் போன வாசம்னு சொல்றவங்க இருக்காங்க, பொய் இல்ல. பத்தாவது நிமிஷம் பச்சைத் தண்டு ஒடிச்ச மாதிரி, பூ மாதிரி, ரொம்ப அழகா மாறும். வீட்ல தனியா இருக்குறப்ப போடுங்க.

2 பிப்ரவரி
ப்ரூட் ஏன் விட்டீங்கன்னு மூணு பேர் கேட்டாச்சு. விடல. 1964ல ஃபாபெர்ஷே கொண்டுவந்தது, பச்சை பாட்டில், கழுத்துல சங்கிலி. இதுவும் ஃபூஜேர் குடும்பம்தான், க்ளப்மேனுக்குச் சித்தப்பா மகன், ஆனா சோம்பும் இனிப்பும் தூக்கல், தூரத்துலேந்தே குரல் கொடுக்கும். எங்க ஊர்ல ப்ரூட்னா கல்ஃப். துபாய்லேந்து லீவுல வர்றவங்க பெட்டியத் திறந்தா கோடாலி தைலம், டைகர் பாம், ஒரு ப்ரூட். பக்கத்து வீட்டு மாமா வந்திருக்காருங்குறது அவரப் பாக்குறதுக்கு முன்னாடியே தெருவுக்குத் தெரிஞ்சிடும். சலூன் வாசமான்னு கேட்டா பாதி ஆமா.

18 பிப்ரவரி
கொஞ்சம் வழி மாறிப் போறேன். பேட்டர்சன்ல துருக்கிக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, அங்க ஒரு சலூனுக்குப் போனேன். ஷேவ் முடிஞ்சதும் உள்ளங்கை நிறைய எலுமிச்சை கொலோன்யா ஊத்தி முகத்துல அறைஞ்சாரு. அவங்க கொலோன்யா 80 டிகிரி, அதாவது ஆல்கஹால் 80 சதவீதம். உயிர் போய் வந்துச்சு. மூணு நிமிஷம் எலுமிச்சந்தோட்டம், அப்புறம் ஒண்ணுமே இல்ல, வெறும் சுத்தமான தோல். ஜெர்மனியோட 4711ங்குற கொலோன் போட்டவங்களுக்கு இது புரியும், அதுவும் இப்படி வந்து இப்படிப் போயிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சலூன் வாசம் இருக்கு, துருக்கில வளர்ந்தவனுக்கு சலூன்னா இந்த எலுமிச்சைதான். அப்ப ஜனவரி 12ல நான் எழுதின வேர் ஒண்ணுங்குறது எல்லா ஊருக்கும் செல்லாது. திருத்திக்குறேன்.

27 ஏப்ரல்
அப்பாவும் அம்மாவும் வந்திருக்காங்க. இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன்.

அப்பாவுக்கு 76. கண்ணு முன்ன மாதிரி இல்ல, மூக்கு அப்படியே இருக்கு, மீன் வாங்குனா இன்னமும் செவுள மோந்துதான் வாங்குவாரு. நாலு பஞ்சு உருண்டை, ஒவ்வொண்ணுலயும் நாலு சொட்டு, அரை மணி நேரம் காய விட்டு, சின்ன கிண்ணத்துல வச்சு கொடுத்தேன். எதுல எதுன்னு அவருக்குத் தெரியாது.

அக்வா வெல்வா: "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."
பே ரம்: "பல்லுக்கு வைக்கதுலா இது."
நாகர்கோவில் ஓல்ட் ஸ்பைஸ்: ஒண்ணும் சொல்லல, கிண்ணத்த அம்மாகிட்ட நீட்டினாரு. அம்மா மோந்து பார்த்துட்டு, "இது நீங்க போடுவதுல்லா"ன்னாங்க.
க்ளப்மேன்: ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. "மக்கா, இது நம்ம வடசேரி சலூன்லா. உன்ன பலகை போட்டு உக்கார வச்சா கத்துவியே."

நான் ஜனவரில எழுதினத அவர்கிட்ட சொன்னதே இல்ல. பலகையையும் சொன்னதில்ல.

28 ஏப்ரல்
நேத்து ஒரு விஷயம் விட்டுப் போச்சு. அப்பா கடைசில, "ஆனா என்னமோ கொறையுது மக்கா"ன்னாரு. கொஞ்ச நேரம் யோசிச்சு, "படியாரம்"னாரு. படிகாரக் கல்ல தண்ணில நனைச்சு முகம் பூரா தேய்ப்பாங்களே, அது. படிகாரத்துக்கு வாசம்னு ஒண்ணு கிடையாது, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனா படிகாரம் தேய்ச்சா தோல் இறுகி உலர்ந்து போகும், அது மேல போடுற வாசம் ஈரத்தோல்ல படுற மாதிரி படாது. இன்னைக்கு காலைல அவருக்கு நானே ஷேவ் பண்ணி விட்டேன். முதல்ல படிகாரம், ஒரு நிமிஷம் விட்டு கழுவி, க்ளப்மேன், காஞ்சதும் பின்கழுத்துல பவுடர். கண்ண மூடி உக்காந்திருந்தாரு. முடிச்சுட்டேன்னு சொன்ன பிறகும் எழுந்திரிக்கல.

28 ஏப்ரல், இரவு
முதல்ல கேட்ட தம்பி இன்னைக்கு பதில் போட்டிருக்காரு, அவங்க அப்பா சலூனுக்கே போனதில்ல, வீட்லதான் ஷேவ் பண்ணுவாராம். அப்ப உங்களுக்கு ஓல்ட் ஸ்பைஸ், இந்தியால வாங்குனது. க்ளப்மேன் வேண்டாம், அது உங்க நினைவு இல்ல. நான் ஜனவரி 6ல சொன்ன பாட்டில் சரி, சொன்ன காரணம்தான் தப்பு.

3 ஆகஸ்ட்
அப்பா ஊருக்குப் போறப்ப க்ளப்மேன் லோஷன பெட்டில வச்சு அனுப்பியிருந்தேன். போன்ல கேட்டேன். பாதிய வடசேரி சலூன்ல கொடுத்துட்டாராம், பழையவரோட மகன்தான் இப்ப கடை நடத்துறாராம். அவர் ரெண்டு பேருக்கு போட்டுப் பாத்துட்டு சொன்னதாம், நம்ம ஊரு வேர்வைக்கு இது அரை மணி நேரம்கூட தாங்கல, மேல பவுடர் போட்டாத்தான் நிக்குது. அப்ப நான் சொன்ன 20 நிமிஷக் கணக்கு நியூ ஜெர்ஸி குளிருக்குத்தான், ஊர்ல இருக்குறவங்க எட்டு பத்து நிமிஷத்துலயே மோந்து பாருங்க. பவுடர் டப்பா ரெண்டு அனுப்பணும், ஒண்ணு கடைக்கு.